பம்பா கலேராஸ்: விக்குன்யாவை வளைத்த கதை

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் நாஸ்காவில் பாலைவன வெயில். அங்கிருந்து குஸ்கோ சாலையில் சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் பம்பா கலேராஸ் சரணாலயம், ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம். வேனை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. கோகா இலை டீ கொடுத்தார்கள். குடித்தும் தலைவலி விடவில்லை.

பெருவின் இந்த மேட்டுநிலத்துக்கு நான் வந்தது 'சக்கு' பார்க்க. காட்டில் திரியும் விக்குன்யாக்களை, அதாவது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு விலங்குகளை, ஊரே திரண்டு வளைத்து, ரோமத்தைக் கத்தரித்துவிட்டு மறுபடி காட்டுக்கே அனுப்பும் வழக்கம் அது; ஸ்பானியருக்கு முன் இங்கே ஆண்ட இன்கா அரசர்கள் காலத்தது. அன்று அந்த ரோமத்தை அரச குடும்பம் மட்டுமே உடுத்தலாம். ஸ்பானியர் வந்தபின் உயிரோடு பிடிக்க யாருக்குப் பொறுமை? சுட்டுத் தோலை உரித்தார்கள். 1960களில் பெருவில் சில ஆயிரம்தான் மிஞ்சின. 1967-ல் இந்தச் சரணாலயம் வந்தது. இப்போது நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல்.

லுகானாஸ் ஊர்க்காரர்கள் வண்ணத் துணி கட்டிய நீளக் கயிற்றைப் பிடித்து நிற்க, நானும் ஓர் ஓரத்தில் பிடித்துக்கொண்டேன். ஓடக் கூடாது, கத்தினால் போதும். உண்மையில் அந்தக் கயிறு எதையும் தடுக்காது. ஆனாலும் விக்குன்யாக்கள் அதைக் கண்டு மிரண்டு, புனல்போல் குறுகும் வேலிக்குள் மந்தையாகப் பாய்ந்தன.

பக்கத்தில் பார்த்தால் ஆட்டைவிடக் கொஞ்சம் உயரம், மெலிந்த கழுத்து, இலவங்கப்பட்டை நிறம், நெஞ்சில் தொங்கும் வெள்ளை மயிர். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, மின்கத்தரி முதுகில் ஓடியது. ரோமம் ஒரே விரிப்பாகக் கழன்று வந்தது. ஓர் இழையின் பருமன் 12 மைக்ரான் சொச்சம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). கையில் வைத்தால் கனமே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. ஒரு விலங்குக்கு 200 கிராம் அளவில், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான். அதிலும் முரட்டு மயிரைக் கையால் பொறுக்கி எடுத்த பிறகு இன்னும் குறையும்.

ஐரோப்பியக் கடைகளில் இதில் தைத்த ஒரு கோட்டு பல்லாயிரம் டாலர். கத்தரித்த ரோமத்துக்கு ஊருக்குக் கிடைப்பது கிலோவுக்குச் சில நூறு டாலர். கயிறு பிடித்த கைகளில் ஒன்றுகூட அந்தக் கோட்டைத் தொட்டிருக்காது. ஆனாலும் அந்தச் சில நூறுதான் வேட்டைக்காரனிடமிருந்து மந்தையைக் காக்க ஊருக்கு ஒரு காரணம் தருகிறது. பங்கு இன்னும் நியாயமாக இருந்தால் காவலும் இன்னும் கெட்டியாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

போக நினைப்பவர்கள் சக்கு நடக்கும் ஜூன் 24-ஐ ஒட்டித் திட்டமிடுங்கள். என்னைப்போல் நாஸ்காவிலிருந்து நேரே ஏறாமல், முதலில் நடுத்தர உயரத்தில் இருக்கும் அரெகிபா நகரில் இரண்டு நாள் தங்கி உடலைப் பழக்கிவிட்டுப் போனால் தலைவலி குறையும்.