ஜெயிலுக்கு அப்புறம் பணக் கணக்கை நேராக்கிய கதை

ஜெயிலிலிருந்து வருகிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு வேலை சீக்கிரமே கிடைத்துவிட்டது. கோவை மத்திய சிறையில் தறி ஓட்டிய பழக்கம் இருந்ததால் சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளத்தை எந்தக் கணக்கில் வாங்குவது, நான் உள்ளே இருந்தபோது வீட்டில் ஏறிய கடனில் எதை முதலில் தொடுவது என்பதுதான் புரியவில்லை. அதைக் கற்றுக்கொண்ட விதத்தை எழுதுகிறேன், வெளியே வரப்போகிற யாருக்காவது, முக்கியமாக அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும்.

2016 நடுவில் உள்ளே போனேன், 2024 மே மாதம் வந்தேன். என்ன வழக்கு என்று இங்கே சொல்லப்போவதில்லை, தண்டனையை முடித்தாயிற்று. அந்த இடைவெளியில் 2000 ரூபாய் நோட்டு ஒன்று வந்து திரும்பியும் போயிருக்கிறது, நான் அதைக் கையில் தொட்டதே இல்லை. டீக்கடையில் பதினைந்து ரூபாய்க்குப் போனைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். என்னிடம் போனும் இல்லை, நம்பரும் இல்லை. பராமரிப்புக்கும் பாதிக்கப்பட்டவர்கள் நிதிக்கும் பிடித்தது போக மிச்சக் கூலி செக்காக வந்திருந்தது. செக்குக்கு மூன்று மாதம்தான் ஆயுள்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு சார்பில் உள்ளே வந்துபோன தன்னார்வலர் அக்கா ஒருவர், ரிட்டையர் ஆன வங்கி அதிகாரி ஒருவரின் நம்பரைக் கொடுத்திருந்தார். அவரைச் சார் என்றே சொல்கிறேன். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, நான் பணம் தரமாட்டேன், எங்கேயும் ஜாமீன் கையெழுத்துப் போடமாட்டேன். கூட வருவேன், கணக்குப் போடச் சொல்லித் தருவேன், அவ்வளவுதான்." கேட்டபோது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னதால்தான் அவரிடம் எதையும் மறைக்காமல் பேச முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது. பணம் தருகிறவரிடம் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தானே பேசுவோம்.

முதலில் சிம். என் பழைய நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. கூப்பிட்டால் ஒரு பெண் எடுக்கிறார். ஆதாரிலும் வங்கியிலும் அந்த நம்பர்தான் இருக்கிறது, அதாவது எனக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். ஆகவே புது சிம், அப்புறம் தாலுகா ஆபீஸ் ஆதார் மையத்தில் நம்பர் மாற்றம், அதற்கு அப்புறம்தான் வங்கி என்று சார் வரிசை போட்டார். அப்போது நம்பர் மாற்றத்தை ஆன்லைனில் செய்ய முடியாது, நேரில்தான் போக வேண்டியிருந்தது. நூல் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் கருவிழியை வைத்து முடித்தார்கள்.

வங்கிதான் பெரிய பாடு. கணக்கு இருந்தது ஈரோட்டில். இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும், என்னுடையது எட்டு வருஷம். வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் கேட்டால் ஈரோட்டுக்கே போங்கள், கட்டணமும் உண்டு என்றார்கள். சார் பின்னால் நின்றார், வாயே திறக்கவில்லை. முந்தின நாள் சொல்லிக்கொடுத்ததை நான்தான் சொன்னேன்: எந்தக் கிளையிலும் கேஒய்சி, அதாவது அடையாள, முகவரிச் சான்று கொடுத்துக் கணக்கை உயிர்ப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, 2024 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி உத்தரவு அப்படித்தான். குரல் நடுங்கியது. உள்ளே இருக்கும்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமே இல்லாமல் போய்விடுகிறது, வெளியே இருப்பவர்களுக்கு அது லேசில் புரியாது.

இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள் என்பதுதான் என் பெரிய பயம். கேட்கவும் செய்தார்கள். பொய்யும் வேண்டாம், கதையும் வேண்டாம், அடையாளமும் முகவரியும்தான் அவர்களுக்குத் தேவை என்று சார் முன்பே சொல்லியிருந்தார். "குடும்பச் சூழ்நிலை, கணக்கைப் பயன்படுத்த முடியவில்லை" என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் கணக்கு உயிர் பெற்றது, செக்கைப் போட்டேன். வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீட்டிலும் அன்றே சேர்ந்துகொண்டேன், இரண்டு லட்சத்துக்கு. (பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தவர்கள் கவனியுங்கள். தொடாத பணம் அந்தக் கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் தொலைந்துவிடாது, வங்கியில் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் கிடக்கிறது என்று உத்கம் இணையதளத்தில் தேடலாம்.)

அப்புறம் கடன் நோட்டு. அம்மாவையும் அக்காவையும் தனித்தனியாகக் கேட்டு எழுதச் சொன்னார் சார். ஏன் தனித்தனியாக என்பது எழுதும்போதுதான் தெரிந்தது, அம்மா ஒரு கடனை அக்காவிடமே மறைத்திருந்தார். அசல், வட்டி, இதுவரை கட்டியது, எழுத்தில் என்ன இருக்கிறது என்று நான்கு கட்டம். வக்கீல் பீஸுக்காக அக்கா அஞ்சு வட்டிக்கு வாங்கிய ஐம்பதாயிரம், அடகுக்கடையில் நகை, அம்மாவின் மகளிர் குழுக் கடன், மாமா கொடுத்த முப்பதாயிரம், உள்ளே போவதற்கு முன் நான் வாங்கிய பைக் லோன். அஞ்சு வட்டி என்றால் மாதம் 2,500. அக்கா விட்டு விட்டுக் கட்டியதையே கூட்டினால் எண்பதாயிரத்தைத் தாண்டியது, அசல் அப்படியே நின்றது. வழக்கு என் பேரில், தண்டனையில் பாதியை அக்காதான் கட்டிக்கொண்டிருந்தாள்.

வட்டி அதிகமானதை முதலில் அடை என்பது சார் கணக்கு. நான் குழுக் கடன் முதலில் என்றேன். அதில் அம்மா தவணை தவறினால் மற்றப் பெண்கள் தலையில் விழும், என் விஷயத்துக்கு அப்புறமும் அம்மாவோடு பேச்சை நிறுத்தாத பெண்கள் அவர்கள். சார் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துவிட்டு, சரி, குழுத் தவணையை நிறுத்தாமல் கட்டு, அஞ்சு வட்டியைப் பேசித் தீர்க்கலாம் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தறி முதலாளி ஐம்பதாயிரம் அட்வான்ஸ் தருகிறேன் என்றார். தறிக்கூடங்களில் இது சாதாரணம், வட்டியும் இல்லை. அப்படியே வாங்கி அஞ்சு வட்டியை முடித்துவிடலாம் என்று எனக்கு ஆசை. சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்வான்ஸைத் திருப்பாமல் வேறு கூடத்துக்குப் போக முடியுமா, கூலி குறைத்தால் கேட்க முடியுமா, விசாரித்துவிட்டு வா என்றார். அங்கே பல வருஷமாக ஓட்டுகிற அண்ணனைக் கேட்டேன். அவர் வாங்கிய அட்வான்ஸே இன்னும் தீரவில்லை, கூடிக்கொண்டே வந்திருக்கிறது. நான் வாங்கவில்லை. போக முடியாத இன்னொரு இடத்துக்குள் நானே நடந்து போக வேண்டுமா என்ன.

வட்டிக்காரரிடம் நானும் அக்காவும் போனோம். கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆனால் எடுத்த எடுப்பில் அதைப் பேசாதே, நோட்டைக் காட்டு என்று சார் சொல்லியிருந்தார். அக்காவின் நோட்டில் ஒவ்வொரு வசூலுக்கும் அவருடைய ஆளே போட்ட கையெழுத்து இருந்தது. முதலில் கத்தினார், ஜெயிலுக்குப் போனவன் எனக்குக் கணக்குச் சொல்கிறானா என்றார். அக்கா அசையவில்லை. கடைசியில் இனி வட்டி இல்லை, அசலை மாதம் மூவாயிரமாகக் கட்டி முடித்ததும், அக்காவிடம் தொகை எழுதாமல் கையெழுத்து வாங்கி வைத்திருந்த வெற்றுப் புரோநோட்டைத் திருப்பித் தருவது என்று முடிந்தது. முடித்து வாங்கியும்விட்டோம். ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் 15100க்குப் போன் போட்டு இலவச சட்ட உதவி கேட்பதாக இருந்தோம்.

அடகு நகை ஏலத்தில் போய்விட்டது, அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: ஏலத்தில் கடனுக்கு மேல் வந்த மிச்சம் நம்முடையது, கேட்டால்தான் தருவார்கள்.

பைக் லோனுக்கு முதலில் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்தோம், நம் பேரில் உள்ள கடன்களை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு அது. வருஷத்துக்கு ஒரு முறை இலவசம். வண்டியைப் பறிமுதல் செய்து விற்ற பிறகும் முழுப் பாக்கி நிற்பதாகக் காட்டியது. கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும், பாதியைக் கட்டினால் போதும் என்பார்கள். வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, அதைச் சொன்னதும் ராத்திரிப் போன் நின்றது. பாதியைக் கட்டினால் ரிப்போர்ட்டில் செட்டில்டு என்று விழும், அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த கடன், அடுத்த கடன் கொடுக்கிறவன் அதைப் பார்த்துத் தயங்குவான். எனவே வண்டி விற்ற தொகையைக் கழித்து எழுத்தில் கணக்குக் கேட்டோம். கடிதம் கைக்கு வருவதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கட்டாதே என்பதில் சார் பிடிவாதமாக இருந்தார். வந்த பாக்கி நான் பயந்ததைவிடக் குறைவு. தவணையில் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழும் வாங்கினேன். ரிப்போர்ட்டில் தவறைத் திருத்தக் கேட்டு எழுதினேன், அதற்கு 30 நாள் கெடு, தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பதால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டேன். கெடுவுக்குள்ளேயே க்ளோஸ்டு என்று மாறிவிட்டது. ஸ்கோர் இன்னும் மோசம்தான், எனக்கும் புதுக் கடன் வாங்கும் அவசரம் இல்லை.

இப்போது மாமாவின் முப்பதாயிரம்தான் பாக்கி. அவர் கேட்பதே இல்லை. தீபாவளி போனஸில் பாதி அவருக்கு என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், அக்காவுக்கும் தெரியும்.