பப் வாசலில் இருக்கும் வருஷத்தை நம்பாதீங்க

இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் பழைய பப் என்றால் வாசலில் ஒரு வருஷம் பெருமையாக நிற்கும். பெரும்பாலும் அது கட்டடத்தின் வயசு, கடையின் வயசு இல்லை. சசெக்ஸில் ரை என்ற ஊரின் மெர்மெய்ட் விடுதியையே எடுத்துக்குங்க. பலகையில் '1420-இல் திரும்பக் கட்டியது' என்று இருக்கும். ஹாக்ஹர்ஸ்ட் கடத்தல் கும்பல் குடித்துக் கொட்டமடித்த இடம்தான். ஆனால் நடுவில் நெடுங்காலம் அது விடுதியாகவே இல்லை!

கடையின் வயசு உரிமத்தில் இருக்கு. 1552-லிருந்து ஏல் (ஒரு வகை பீர்) விற்க இரண்டு நீதிபதிகளின் அனுமதி வேண்டியிருந்தது. 1753 முதல் 1828 வரைக்கான உரிமப் பதிவேடுகளை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேளுங்க. ஆள் பெயர் இருக்கும். கடைப் பெயர் பல சமயம் இருக்காது. வீட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டால்தான் எந்தத் தெரு, எந்த வாசல் என்று பிடிபடும்.

தலைவலி 1830-இல் ஆரம்பம். அந்த வருஷம் வந்த சட்டப்படி, வரி கட்டும் எவரும் 2 கினி (பழைய ஆங்கிலப் பணம்) கொடுத்தால் வீட்டுக் கூடத்திலேயே பீர் விற்கலாம், ஜின், ஒயின் கூடாது. நீதிபதி பக்கமே போக வேண்டாம். அதனால் அவர் ஏட்டில் இந்தக் கடைகள் இல்லை. வணிக டைரக்டரியில் 'பீர் சில்லறை விற்பனை' என்று பெயரில்லாமல் ஒற்றை வரி, அவ்வளவுதான். 1869-இல் மறுபடி நீதிபதி கைக்கு வந்த பிறகே தடம் தெளியும்.

இன்னொன்று, 'ஒயிட் ஹார்ட்' (வெள்ளை மான்) என்ற பப் பெயர் 14-ஆம் நூற்றாண்டு மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சின்னம் என்பதால் கடையும் அவர் காலத்தது என்று முடிவு கட்டிடாதீங்க. பெயர்ப்பலகை தெரு விட்டுத் தெரு மாறும்.