இரைச்சலுக்கு நடுவே இரகசிய ஒப்பீடு: மூன்றாம் வாரக் குறிப்பு

இரண்டு பேர் தங்கள் எண்களை வெளியிடாமல், அவை சமமா என்பதை மட்டும் அறிந்துகொள்ளும் குவாண்டம் நெறிமுறை ஒன்றைப் பைத்தானில் உருவகித்துப் பார்த்து வருகிறேன். நிபந்தனையற்ற பாதுகாப்புடன் இதை இருவர் மட்டுமே செய்துவிட முடியாது என்பதை குவாண்டம் ஆய்வாளர் லோ 1997இல் காட்டிவிட்டதால், விதிகளை மீறாத, ஆனால் ஒட்டுக்கேட்கும் ஆசையுள்ள நடுவர் ஒருவரையும் சேர்த்திருக்கிறேன்.

இரைச்சல் இல்லாதவரை குறையொன்றும் தெரியவில்லை. பிட்டுகளைச் சுமக்கும் ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) 1 என்னும் நிலைக்கு மட்டும் தற்போக்கான கட்ட மாற்றத்தை (அலையின் முன்பின் நகர்வை) சேர்க்கும் இரைச்சலை நுழைத்ததும், ஒற்றரைக் கண்டறிய இடையிடையே கலந்தனுப்பிய சோதனை ஃபோட்டான்களில் பிழை 25 விழுக்காடாகியது. வழியில் இடைமறித்து அளந்து, மறுபடி அனுப்பும் ஒற்றரும் சராசரியாக அதே 25 விழுக்காட்டைத்தான் விட்டுச்செல்வார். அளவீட்டு அடிப்படை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்: 0, 1 ஆகியவற்றைப் பிரித்தறியும் நேர் அடிப்படையில் பிழையே இல்லை, அவற்றின் சரிபாதிக் கலவைகளைப் பிரித்தறியும் குறுக்கு அடிப்படையில் 50. இது இரைச்சலின் கைரேகை என்று சற்று நேரம் மகிழ்ந்திருந்தேன். ஆனால் நேர் அடிப்படையில் மட்டும் அளக்கும் ஒற்றரும் அச்சு அசலாக இதே தடத்தைத்தான் பதிப்பார் என்பது பிறகே உறைத்தது. ஆகவே இரைச்சலை மன்னிப்பதற்கில்லை, அது ஒட்டாதபடி செய்தாக வேண்டும்.

அதற்காக ஒரு பிட்டை இரண்டு ஃபோட்டான்களில், 01 அல்லது 10 என்று, ஏற்றினேன். இரண்டிலும் ஒரேயொரு 1 இருப்பதால் இரண்டுக்கும் ஒரே கட்டமே சேர்கிறது. அது எந்த அளவீட்டிலும் தெரியாது. குறுக்கு நிலைகளை (01, 10 ஆகியவற்றின் கலவைகளை) படிக்க, இரு ஃபோட்டான்களையும் ஒருசேர அளக்கும் பெல் அளவீடுகூட வேண்டியதில்லை, இரு ஃபோட்டான்களையும் தனித்தனியே குறுக்கில் அளந்து, விடைகள் ஒத்தனவா என்று பார்த்தால் போதும். இவ்வளவு செய்தும் பிழை 25இலேயே நின்றது. ஒரு மாலை முழுவதும் தேடிய பின், தற்போக்கு எண்ணைச் சோடிக்கு ஒருமுறை எடுக்காமல், உள் சுழற்சிக்குள் ஃபோட்டானுக்கு ஒருமுறை எடுத்திருந்தது தெரிந்தது. அந்த வரியை ஓரடி மேலே நகர்த்தியதும் பிழை சுழியானது.

உண்மையான ஒளியிழையில் இரு கட்டங்களும் முற்றிலும் ஒன்றாக இரா என்பதால், அவற்றின் வேறுபாட்டுக்கு 0.2 ரேடியன் திட்ட விலக்கம் கொடுத்துப் பார்த்தேன். குறுக்கில் ஏறத்தாழ 1 விழுக்காடு பிழை வந்தது. சிறியதுதான் என்றாலும், 64 பிட்டுகளையும் குறுக்கிலேயே படித்தால், சமமான எண்களை நூற்றுக்கு 53 முறைதான் சமம் என்கிறது. அதனால் இப்போது, நடுவருக்குத் தெரியாத சாவியைக் கொண்டு எண்களை முதலில் ஹாஷ் செய்கிறேன், அதாவது சிறு வேறுபாடும் பாதி பிட்டுகளை மாற்றிவிடும்படி கலைத்துவிடுகிறேன். சமமல்லாதவை ஏறக்குறைய 32 இடங்களில் வேறுபடும், சமமானவை ஓரிரு இடங்களில் மட்டுமே. சமம் என்று ஏற்பதற்கான எல்லையை 8 இடங்கள் என்று வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.