பின்னால் இருக்கிற ஆள்

நேற்றுப் பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் நாலு பேர் ஒரு ஃபோனைச் சுற்றியிருந்து ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் பழைய மேடைக் காணொளி பார்த்தோம், எல்லாரும் பாடகர் மிக் ஜாகரைப் பார்க்க நான் மட்டும் பின்னால் டிரம்ஸ் வாசிக்கிற சார்லி வாட்ஸின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் அடிக்கும்போது ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத் தட்டில் இருந்து அந்தக் கையை எடுத்துவிடுவார். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த இடைவெளியில்தான் பாட்டு மூச்சு விடுகிறது. 1963இல் சேர்ந்தவர், 2021இல் சாகும்வரை அதே குழு, மனசு முழுக்க ஜாஸ். தனி ஆவர்த்தனம் வாசித்துக் காட்டுகிற ஆளில்லை, அதனாலேயே பலர் கணக்கில் எடுப்பதில்லை (எனக்கு இதில் கொஞ்சம் கோபம்தான்). பத்திரகாளி கோயில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த நண்பன், "இவ்வளவுதானா மச்சான்?" என்றான். சரி, கையைப் பார் என்று திரும்பவும் போட்டேன். மூன்றாம் தரம் அவனே பிளேன்ரீக் கப்பில் தட்டத் தொடங்கிவிட்டான்.