அசோசியேஷன் பதவி இல்லாமல் சிஎஸ்இ டிபார்ட்மெண்டுக்குள் நுழைவது எப்படி

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சிஎஸ்இ-யில் (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்) சேர்ந்தாலும் முதல் வருடம் பெரும்பாலும் நாம் அந்தத் துறையின் பிள்ளைகள் இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், இங்கிலீஷ் என்று எஸ் அண்ட் எச் (சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்) துறையின் கையில் இருப்போம். புரோகிராமிங் லேபுக்கு மட்டும் சிஎஸ்இ பிளாக் பக்கம் போய் வருவோம். மூன்றாம் செமஸ்டரில்தான் உண்மையில் உள்ளே வருகிறோம். ஆறாம் செமஸ்டரிலேயே பிளேஸ்மெண்ட் பேச்சு ஆரம்பித்துவிடும். டிபார்ட்மெண்டோடு சேர்ந்து ஏதாவது செய்யக் கையில் இருப்பது முழுசாக இரண்டு வருடம்கூட இல்லை.

இந்தக் காலத்தை, "அசோசியேஷனில் (டிபார்ட்மெண்டின் மாணவர் சங்கம்) பதவி கிடைத்தால் பார்க்கலாம்" என்று காத்திருந்தே கழிப்பவர்கள் நிறைய. செகரட்டரி, டிரஷரர், ஜாயிண்ட் செகரட்டரி என்று எண்ணினால் மொத்தம் பத்துப் பேருக்குத்தான் பதவி வரும். நான் அந்தப் பத்தில் இல்லை. ஆனாலும் டிபார்ட்மெண்டில் பழகக் கிடைத்த வேலைகள்தான் பிறகு ஆபீஸில் எனக்கு அதிகம் உதவின. யாரும் விரும்பி எடுக்காத சிறு வேலைகள் டிபார்ட்மெண்டில் எப்போதும் கிடக்கும். கதவு திறப்பது அங்கேதான்.

முதலில் லேப். அறுபது எழுபது சிஸ்டம் உள்ள லேபுக்கு ஒரே ஒரு லேப் டெக்னீஷியன் அண்ணன்தான் இருப்பார். செமஸ்டர் பிராக்டிகல் நெருங்கும்போது அவர் படும் பாட்டைப் பார்த்தால் தெரியும். வெளிக்கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் (தேர்வாளர்) வருவதற்குள் எல்லா சிஸ்டத்திலும் கம்பைலர் ஓட வேண்டும், டேட்டாபேஸ் திறக்க வேண்டும், பிரிண்டர் வேலை செய்ய வேண்டும். அந்த வாரத்தில் லேப் இன்சார்ஜ் மேடத்திடம் போய், "மதியம் ஃப்ரீ ஹவர் இருக்கு மேம், அண்ணாவுக்கு உதவட்டுமா?" என்று கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு.

எங்கள் லேபில் ஒரு நாள் நெட்வொர்க் மொத்தமாகப் படுத்துவிட்டது. இன்டர்நெட் மட்டுமல்ல, பக்கத்து சிஸ்டத்துக்கு பிங்கூடப் போகவில்லை. ஒவ்வொரு கேபிளாகப் பிடித்துக்கொண்டே போனதில், ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தது தெரிந்தது. பெருக்கித் துடைக்கும்போது கழன்றதை யாரோ நல்ல மனசோடு செருகியிருக்கிறார்கள். எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவாக அனுப்பிய பிராட்காஸ்ட் பாக்கெட் அதே சுவிட்சுக்குத் திரும்பத் திரும்ப வந்து சுற்றிக்கொண்டே இருந்தால் மற்ற எதற்கும் வழி இருக்காது. நெட்வொர்க்ஸ் பாடத்தில் ஸ்பானிங் ட்ரீ என்று ஒரு தலைப்பு வரும், இப்படிச் சுற்று உருவாகாமல் தடுக்கும் முறை. அது எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு சிஸ்டத்தில் எல்லாவற்றையும் நிறுவி, அதை அப்படியே இமேஜ் எடுத்து மற்றவற்றில் இறக்குவது, இரண்டு சிஸ்டத்துக்கு ஒரே ஐபி கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது, இதெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்தாலும் லேபில் கை வைக்கும்போதுதான் மனதில் நிற்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. அட்மின் பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். தேவையான இடத்தில் அண்ணாவே டைப் செய்யட்டும். இன்டர்னல் மார்க் இருக்கும் ஸ்டாஃப் சிஸ்டம் பக்கமே போக வேண்டாம். நாளைக்கு ஒரு ஃபைல் காணாமல் போனால் முதலில் நினைவுக்கு வருவது உங்கள் பெயராகத்தான் இருக்கும்.

அடுத்தது கிளாஸ் கமிட்டி. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையிலேயே உள்ள அமைப்பு இது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், குறைந்தது 6 மாணவப் பிரதிநிதிகள், தலைவராக அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர். செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு கூட்டம், அப்புறம் இடையிடையே சில கூட்டங்கள். பேசியது மினிட்ஸாக எழுதப்பட்டுக் கல்லூரித் தலைமைக்குப் போகும். ஒரு மாணவர் சொன்ன வார்த்தை அலுவல்பூர்வமாகப் பதிவாகும் இடங்கள் கல்லூரியில் அதிகம் இல்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? டாப்பர்கள் ஆறு பேரைக் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். பாடம் எடுக்கும் சார் எதிரிலேயே இருப்பார். "எல்லாம் நல்லா போகுது சார்" என்று சொல்லிவிட்டு டீ, பிஸ்கட்டோடு திரும்பி வருவார்கள். நீங்கள் பிரதிநிதியாகப் போக நேர்ந்தால், முந்தின நாளே வகுப்பில் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். முக்கியமாக, ஆளைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுங்கள். "சார் நடத்துவது புரியவில்லை" என்றால் அங்கே ஒரு மௌனம் விழும், அதோடு சரி. "டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்) லேபில் கடைசி வரிசை சிஸ்டம் எதிலும் டேட்டாபேஸ் திறக்கவில்லை", "தியரியில் நடத்தாத எக்சர்சைஸ் லேபில் முன்னாடியே வந்துவிடுகிறது" என்றால் யாருக்கும் கோபம் வராது, மினிட்ஸிலும் ஏறும். அடுத்த கூட்டத்தில், "போன முறை சொன்னது என்ன ஆச்சு மேம்?" என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்டால் போதும். எங்கள் வகுப்பில் லேப் எக்சர்சைஸ் வரிசை மாறியது இப்படித்தான்.

பிற கல்லூரி மாணவர்களையும் அழைத்து டிபார்ட்மெண்ட் நடத்தும் போட்டி விழாவான சிம்போசியம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குத்துவிளக்கு, சீஃப் கெஸ்ட், மெமென்டோ, ஃப்ளெக்ஸ் என்று பாதி உழைப்பு மேடைக்கே போய்விடும். மேடை வேலைக்கு ஆள் எப்போதும் இருக்கிறார்கள். நீங்கள் டீபக்கிங் போட்டிக்குக் கேள்வி தயாரிக்கும் குழுவில் சேருங்கள். தப்பு எங்கே ஒளிந்திருந்தால் மூன்றாம் வருடப் பையன் பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பான், எங்கே இருந்தால் திணறுவான் என்று யோசித்து யோசித்தே சி மொழி கைக்கு வந்துவிடும். ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கும் நல்ல இடம்தான், பிற கல்லூரி நண்பர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். பணம் வசூலிக்கும் வேலை வந்தால் முதல் நாளிலிருந்தே ரசீது போட்டு, கணக்கை ஸ்டாஃப் கோஆர்டினேட்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சிஎஸ்ஐ, ஐஇஇஇ, ஏசிஎம் போன்ற தொழில்முறை அமைப்புகளின் மாணவர் கிளைகளில் சேரச் சொல்லி வகுப்புக்கு வகுப்பு வருவார்கள். உறுப்பினர் கட்டணம் கட்டுமுன், போன வருடம் இந்தக் கிளை என்ன நடத்தியது என்று சீனியரிடம் கேளுங்கள். துவக்க விழாவைத் தவிர எதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல புத்தகம் வாங்கலாம்.

மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு ஒரு அணியில் 6 பேர், அதில் ஒரு மாணவியாவது கட்டாயம் இருக்க வேண்டும். கல்லூரிக்குள் நடக்கும் இன்டர்னல் ஹேக்கத்தானில் தேர்வானால்தான் அடுத்த கட்டம். இதற்கென்று கல்லூரியில் ஒரு ஆசிரியர் பொறுப்பில் இருப்பார், அவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் "ஒரு கேர்ள் வேணும்" என்று தேடுவது எல்லாக் கல்லூரியிலும் நடக்கும் அசிங்கம். மாணவிகள் முதலிலேயே தாங்களே அணி அமைத்துவிட்டால் இந்தப் பெயருக்குச் சேர்க்கும் வேலையே இருக்காது. ஐசிபிசி என்ற சர்வதேசப் புரோகிராமிங் போட்டிக்கு அணியில் 3 பேர், ஒரே கணினி, 5 மணி நேரம். உங்கள் கல்லூரியிலிருந்து யாருமே போனதில்லை என்றால், கோச் ஆக ஒப்புக்கொள்ளும் ஓர் ஆசிரியரைப் பிடிப்பதுதான் முதல் வேலை.

என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் படிப்பு) தெரிந்த கதை. அசைன்மெண்டுக்கு 25, தேர்வுக்கு 75. தனியாகச் சேர்ந்தால் நாலாவது வாரத்தில் விட்டுவிடுவோம், நாலு பேராகச் சேருங்கள்.

டிபார்ட்மெண்டுக்கு வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவருவதும் பங்கேற்புதான். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. தமிழிலேயே பேசிச் சொல்லித்தருபவர்கள் அங்கே உண்டு. நீங்கள் முன்வந்து கேட்டு, ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை லேபில் லினக்ஸ் நிறுவும் நிகழ்ச்சி நடத்தலாம். கடிதத்தை நேராக ஹெச்ஓடியிடம் நீட்டாமல் கிளாஸ் அட்வைசர் வழியாகக் கொண்டுபோங்கள். தேதி, நேரம், எந்த லேப், எத்தனை பேர், யார் பொறுப்பு ஆகிய ஐந்தும் ஒரே பக்கத்தில் இருந்தால் அங்கேயே கையெழுத்து விழும்.

எதைத் திட்டமிட்டாலும் காலேஜ் பஸ் கிளம்பும் நேரத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நாலரைக்கு பஸ் என்றால் ஐந்து மணிக் கூட்டத்துக்கு ஹாஸ்டல் பையன்கள் மட்டும்தான் வருவார்கள். பிறகு "பொண்ணுங்க ஆர்வமே காட்ட மாட்டேங்கிறாங்க" என்று பேச்சு வேறு வரும். நாங்கள் மதிய உணவு இடைவேளைக்கு மாற்றிய பிறகு கூட்டம் இரண்டு மடங்கானது.

படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்பிஏ குழு வரப்போகிறது என்றால் டிபார்ட்மெண்டே ஃபைலுக்குள் மூழ்கிவிடும். உதவிக்குக் கூப்பிடுவார்கள். நிகழ்ச்சி அறிக்கை எழுதுவது, நியூஸ்லெட்டர் தொகுப்பது என்றால் போங்கள், எழுத்துப் பழக்கம் வரும். வாரக்கணக்கில் எக்செல்லில் எண்களைத் தட்டச் சொன்னால், "மாடல் எக்ஸாம் இருக்கு சார்" என்று நழுவுவதில் தப்பே இல்லை.

வருகைப்பதிவையும் கவனியுங்கள். 75 சதவீதம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஓடி (ஆன் டியூட்டி, அதாவது நிகழ்ச்சிக்குப் போன நேரத்தையும் வருகையாகக் கணக்கிடுவது) என்பது வாயால் சொல்வது இல்லை. நிகழ்ச்சிக்கு முன்னாலேயே படிவத்தில் கையெழுத்து வாங்கி, சான்றிதழின் நகலை அட்வைசரிடம் கொடுத்து, செமஸ்டர் முடிவதற்குள் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏறவில்லை என்பது ஹால் டிக்கெட் வாங்கப் போகும் நாளில் தெரியவந்தால் எந்த சாராலும் ஒன்றும் செய்ய முடியாது.