புங்கமரத்தடியில ஒரு டேப்ரூம்

பெங்களூர் ஹென்னூர் பக்கம் என் காலேஜ் நண்பன் சின்னதா ஒரு ப்ரூவரி ஆரம்பிக்கிறான். பீர் காய்ச்சுற வேலை முழுக்க அவனோடது, ஜனங்க வந்து உக்காந்து குடிக்கிற டேப்ரூமை டிசைன் பண்ற பொறுப்பு என்கிட்ட. நாலு மாசமா எனக்கு இதே நெனப்புதான், வீடு ஆபிஸ்னு பதினோரு வருஷமா இன்டீரியர் பண்றேன், எந்த வேலையும் இந்தளவுக்கு என்னை இழுத்ததில்ல.

ஆரம்பத்துலயே கேட்டேன், "மாப்ள, இங்க மொத தடவ யாருடா வருவாங்க?" "பீர் பைத்தியம் புடிச்சவங்கதான்"னான். 2010ல இந்திராநகர் 100 அடி ரோட்டுல டாய்ட்ங்குற ப்ரூபப் (அங்கயே பீர் காய்ச்சி விக்கிற பப்) திறந்ததுல இருந்து இந்த ஊர்ல ஹெஃபவைசன், ஸ்டவுட்னு பீர் வகையைப் பேர் சொல்லிக் கேக்குறவங்க எக்கச்சக்கம், அவங்க எப்படியும் தேடி வந்துருவாங்க. எனக்குக் கவலை அவங்க கூட்டிட்டு வர்ற ஆளைப் பத்தி. குடிக்கவே குடிக்காத அக்கா, கோயமுத்தூர்ல இருந்து வந்த சித்தப்பா, இவங்க உள்ள வந்ததும் எங்க நிக்கிறது யார்கிட்ட கேக்குறதுன்னு முழிக்கக்கூடாது. அதனால என்னென்ன பீர் இருக்குங்குற போர்டை கதவு தாண்டினதும் இடது பக்கச் சுவத்துல கண்ணு மட்டத்துல வச்சோம், நாலு சின்ன கிளாஸ்ல நாலு வகை ருசி பாக்கலாம்னு அதுலயே மேல எழுதியாச்சு, கீழ மோரும் இஞ்சி எலுமிச்சை சோடாவும் அதே சைஸ் எழுத்துல. கவுன்ட்டர் 42 இன்ச் உயரம், அதுல ஒரு ஓரத்தை மட்டும் 34 இன்ச்சுக்கு இறக்கிட்டேன், வீல்சேர்ல வர்றவங்களும் நேரா பீர் புடிக்கிற டேப் (குழாய்) முன்னாடி வந்து வாங்கணும்ல.

ஆனா நான் ரொம்ப மல்லுக்கட்டினது சத்தத்தோட. கான்கிரீட் தரை, கண்ணாடி, ஸ்டீல் டேங்க், மேல தகரக் கூரை, போட்டோல பாக்க அட்டகாசமா இருக்கும், ஆனா பத்து பேர் பேசினா எல்லாம் மோதித் திரும்பி வந்து பக்கத்து டேபிள் பேச்சு நம்ம பேச்சை முழுங்கிரும், உடனே நாம கத்துவோம், அவங்க இன்னும் கத்துவாங்க, அது பாட்டுக்கு ஏறிட்டே போகும். போன மாசம் தெரிஞ்சவங்க முப்பது பேரைக் கூப்பிட்டு ஒரு சாயங்காலம் ட்ரையல் பாத்தோம், எட்டு மணிக்கெல்லாம் எங்கம்மா எந்திரிச்சு வெளில போய் உக்காந்துட்டாங்க, காது வலிக்குதுப்பான்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அடுத்த வாரமே கூரைக்குக் கீழ சத்தத்தை உறிஞ்சுற 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல்லுல இருந்து எடுக்குற நார்) பேனலைத் துணி சுத்தித் தொங்கவிட்டோம், டேபிளுக்கு அடிப்பக்கம் ஃபெல்ட் ஒட்டினோம், யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனா எதிர்ல இருக்குறவர் பேசுறது இப்ப சாதாரணமா காதுல விழுது. எங்கிட்ட கேட்டா பல்பு பெயின்ட்டுக்கெல்லாம் முன்னாடி காசு செலவு பண்ண வேண்டியது இதுக்குதான்.

டேங்குக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல கண்ணாடிச் சுவர் வச்சது அழகுக்காக மட்டும் கிடையாது. மால்ட் (முளைகட்டிக் காயவச்ச தானியம்) ஊறின தண்ணி புளிச்சு பீராகும்போது கார்பன் டைஆக்சைடு வரும், அது காத்தைவிட கனமானது, தரையோரமா தேங்கும், அதனால டேங்க் பக்கமும் பீரைக் குளிரா வச்சிருக்குற கூலர் ரூம்லயும் தரைல இருந்து ஒரு அடி உயரத்துல அந்த வாயுவைக் கண்டுபுடிக்கிற சென்சார். கூலர் ரூமை டேப் சுவத்துக்கு நேர் பின்னாடியே கட்டச் சொல்லிப் புடிவாதமா நின்னேன், பைப் ஒரு ஆள் நீளம்கூட வராது, பீர் சூடாகாது, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அந்த பைப்பைக் கழுவுறப்ப வீணாப்போற பீரும் கம்மி.

வெளில ஒரு பெரிய புங்கமரம். பார்க்கிங்குக்காக அதை வெட்டலாம்னு ஒரு பேச்சு வந்தப்ப நான் நண்பனுக்கு ஜெர்மனில பவேரியா பக்கம் இருக்குற ம்யூனிக் ஊர்க் கதையைச் சொன்னேன். அந்தக் காலத்துல அங்க பீர் கெடாம இருக்க நிலத்தடியில பாதாள அறை தோண்டி, அது சூடாகாம இருக்கணும்னு மேல செஸ்ட்நட் மரம் வச்சாங்க, ஜனங்க அந்த நிழல்லயே உக்காந்து குடிக்க ஆரம்பிச்சாங்க. ஊருக்குள்ள ஓட்டல் நடத்துறவங்க எங்க பொழப்பு போச்சுன்னு கத்த, 1812ல பவேரியா ராஜா பீர் விக்கலாம், ஆனா ரொட்டியத் தவிர சாப்பாடு விக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதனால ஜனங்க வீட்ல இருந்தே கட்டிட்டு வந்தாங்க, இன்னிக்கும் அங்க பல பீர் கார்டன்ல சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோய் சாப்பிடலாம். அதுவும் போக, ஹாப்ஸ் (கசப்புக்குப் போடுற ஒரு பூ) போட்ட பீர்ல நேரா வெயில் பட்டா கொஞ்ச நேரத்துலயே ஒரு கெட்ட வாடை வந்துரும், ஒரு நிழல் கிடைக்கிறப்ப அதை எவனாவது வெட்டுவானா.

மரம் தப்பிச்சிருச்சு. அதைச் சுத்தி 18 இன்ச் உயரத்துக்கு வட்டமா ஒரு திண்ணை, வேருக்குத் தண்ணி போக நடுவுல மண்ணு அப்படியே விட்டு. திங்கக்கிழமை மேஸ்திரி வர்றார், அம்மாவும் வர்றேன்னுருக்காங்க, திண்ணை உயரம் சரியா இருக்கான்னு உக்காந்து பாத்துச் சொல்றாங்களாம்.