இரண்டு நிறம், மூன்று பாட்டில்: என் வாட்டர்கலர் பழக்கம் இப்போது எங்கே நிற்கிறது

வாட்டர்கலரில் என்னை முதலில் இழுத்தவர்கள் ஓவியர்கள் டர்னரும் சார்ஜென்ட்டும்தான். வெள்ளைச் சுவரின் மேல் விழும் நிழலுக்கு சார்ஜென்ட் வைக்கும் நீலமும் ஊதாவும் யாரையும் பிரஷ் எடுக்க வைத்துவிடும். ஆனால் அவர்களைப் பார்த்துப் பார்த்து நான் தேடியதெல்லாம் நிறத்தைத்தான். பேலட்டில் நிறங்கள் கூடின. படம் மட்டும் தட்டையாகவே இருந்தது.

இந்தக் கட்டத்தில் வழிகாட்டியவர் ஜியார்ஜியோ மொராண்டி (1890–1964). இத்தாலியின் பொலோன்யாவில் இருந்துகொண்டு வாழ்நாளில் பெரும்பகுதி பாட்டில், ஜாடி, கிண்ணம் என்று வரைந்தவர். பாட்டிலின் பளபளப்பு கண்ணை இழுக்கக் கூடாது என்று அதன் மேலேயே மங்கலான பெயின்ட் அடித்து வைத்துக்கொள்வாராம். அவர் படங்களில் நிறம் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு பொருளும் தன் இடத்தில் கனமாக நிற்கும். காரணம் டோன், அதாவது எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு இருட்டு என்ற கணக்கு.

அதனால் நானும் மூன்று பாட்டில்களை ஜன்னலோரம் வைத்து, பேலட்டில் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் மட்டும் விட்டுவைத்தேன். இந்த இரண்டும் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பல் நிறம் தருபவை. நீலம் தூக்கலானால் குளிர்ந்த சாம்பல், சியன்னா தூக்கலானால் வெதுவெதுப்பான சாம்பல், தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்ட கறுப்பு. வெள்ளைக்குக் காகிதம் இருக்கிறது. போதாதற்கு, அல்ட்ராமரின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் போய் உட்கார்ந்து, மணல் தூவியதுபோல ஒரு சொரசொரப்பைத் தருகின்றன. பாட்டிலின் நிழலுக்கு அது அவ்வளவு பொருத்தம்.

வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வெளிறும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். அதே காகிதத்தின் துண்டு ஒன்றில், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து படிகள் போட்டுக் காயவைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். கண்ணைச் சுருக்கிப் பாட்டிலைப் பார்ப்பேன், பிறகு படிகளைப் பார்ப்பேன். ஈரத்தில் ‘இது கொஞ்சம் அதிகம்’ என்று தோன்றும் அளவுதான் காய்ந்தபின் சரியாக இருக்கிறது. முடித்ததும் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். எந்த இடம் தட்டையாகிவிட்டது என்று அது ஒளிக்காமல் சொல்லிவிடும்.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை: பிரஷ்ஷில் சிக்கனம் பார்க்கலாம், காகிதத்தில் கூடாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள பருத்திக் காகிதம் ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். மெல்லிய காகிதம்போல அலையலையாக நெளியாது.

ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது ஈரத்தின் நேரக்கணக்கு. காகிதத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், தண்ணீர் கண்ணாடிபோல் மின்னும்போது வைத்த நிறம் தன் பாட்டுக்கு ஓடும். அந்த மினுக்கம் மங்கத் தொடங்கும் நொடிதான் தங்கமான நேரம்: நிறம் வைத்த இடத்திலேயே நிற்கும், ஓரம் மட்டும் மெதுவாகக் கரையும். ஆனால் அப்போது பிரஷ்ஷில் காகிதத்தைவிட அதிகத் தண்ணீர் இருந்தால், அது உள்ளிருக்கும் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறையை விட்டுவிடும். ஆகவே பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றிய பிறகே தொடுகிறேன். வாட்டர்கலரில் பாதித் திறமை டிஷ்யூ பேப்பரில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஓரங்களும் மாறியிருக்கின்றன. முன்பு ஒவ்வொரு பாட்டிலையும் சுற்றிலும் கோடு கட்டிக் காவல் வைப்பேன். இப்போது பாட்டிலின் நிழல்பக்கமும் பின்னால் உள்ள சுவரும் ஒரே டோனில் இருந்தால், இரண்டையும் ஒரே வாஷில், அதாவது தண்ணீராகக் கலந்த ஒரே நிறப்பூச்சில், கலந்துபோக விடுகிறேன். பார்ப்பவர் கண் தானாகவே பாட்டிலை முழுமையாக்கிக்கொள்கிறது. சமீபத்தில் செய்தவற்றில் எனக்கே பிடித்த இடங்கள் இப்படிக் கோடு தொலைந்த இடங்கள்தான்.

அடுத்து என்ன? பிரெஞ்சு ஓவியர் மோனே 1890–91இல் ஒரே வைக்கோற்போர்களை வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு பருவங்களில் தொடராக வரைந்தார். அதே வழியில் இந்த மூன்று பாட்டில்களையும் காலை, நடுப்பகல், மாலை, மேகமூட்டம் என்று ஒரு தொடராகச் செய்யப்போகிறேன். காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட இரண்டு நிறம் போதாது. மூன்றாவதாக யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் சேரும். அதற்கு மேல் இப்போதைக்கு இல்லை. கண்காட்சி ஆசையெல்லாம் அப்புறம்.

அளவையும் கூட்ட வேண்டும். இப்போது வரைவது முழுத்தாளில் எட்டில் ஒரு பங்கு. இனி கால் தாள், அதாவது 11க்கு 15 அங்குலம். பரப்பு இரட்டிப்பானால் வாஷ் மறுமுனைக்குப் போவதற்குள் தொடங்கிய முனை காய ஆரம்பித்துவிடும். அதற்கு நிறையத் தண்ணீர் பிடிக்கும் பெரிய மாப் பிரஷ் வேண்டும். நிறத்தையும் முன்கூட்டியே கிண்ணம் நிறையக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டில்களை நகர்த்தாமல், வெறும் பின்னணி வாஷை மட்டும் கால் தாளில் போட்டுப் பழகுவதிலிருந்து தொடங்குகிறேன்.